களப்பு என்று நான் எழுதிய இடம்

போன மாதம் நான் முன்பு வேலை செய்த விவசாயக் கந்தோரிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவள், முகம் பார்த்ததில்லை. பழைய மண் அறிக்கைகளையெல்லாம் கணினியில் ஏற்றுகிறார்களாம். இனி முருங்கன் பக்கத்து வயல் ஒன்றின் மண்ணைப் பற்றி அறிய யாரும் அலுமாரியைத் திறந்து தும்ம வேண்டியதில்லையாம். கைத்தொலைபேசியில் விரல் வைத்தால் போதுமாம்.

"ஐயா, ஒரு இடத்துக்கு ரெண்டு அறிக்கை கிடக்கு. ரெண்டிலயும் உங்கட ஒப்பம்தான். முதலாவதில மூண்டடி ஆழத்தில களப்புச் சிப்பி எண்டு போட்டிருக்கிறியள். ஏழு மாதத்துக்குப் பிறகு எழுதினதில களப்பு இல்லை, முன்னைய குறிப்பு பிழை எண்டு கிடக்கு. எதை ஏத்துறது?"

"ரெண்டாவதை ஏத்துங்கோ பிள்ளை."

"ஏழு மாதத்தில அந்தக் களப்பு எங்க ஐயா போனது?"

நன்றாகத்தான் கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு யோசித்தேன். என் வேலைக் காலத்தில் நான் எழுதிய அறிக்கைகள் பல. அவற்றில் மார்தட்டிச் சொல்லத்தக்கது எது என்று கேட்டால், பிழை என்று எழுதிய அந்த இரண்டாவது அறிக்கையைத்தான் சொல்வேன். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். முப்பது வருடத்துக்கு மேல் மண் தின்றவனுக்கு அந்த உரிமையாவது இருக்கட்டும்.

மண் தின்றவன் என்று சும்மா சொல்லவில்லை. உண்மையாகவே தின்றிருக்கிறேன். அதைத் தின்னப் பழக்கியவர் எங்கள் மண் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ரத்தினேஸ்வரி மிஸ்.

நான் மன்னார்ப் பட்டினத்தில் பிறந்தவன். தீவில் பிறந்தவனுக்கு மண் என்றால் மணல்தான். வெளிக்கள உதவியாளனாக வேலை கிடைத்து, பெருநிலப்பரப்புக்கு வந்து, முருங்கனுக்கு அப்பால் மாரி மழையில் முதன்முதலாக வயல் வரம்பை விட்டு இறங்கிய அன்று என் இரண்டு செருப்பையும் களி விழுங்கிவிட்டது. ஒன்றைத் தேடி எடுத்தேன். மற்றது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கும். பயிற்சி என்று கண்டிக்கும் மகாஇலுப்பள்ளமைக்கும் அனுப்பினார்கள். மண்ணுக்கு அங்கே நீளமான பெயர்கள் வைத்திருந்தார்கள், பாடமாக்கினேன், சோதனையில் சித்தியடைந்தேன். மண்ணைப் படித்தது மிஸ்ஸோடுதான்.

ஆள் கட்டை. சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகிக்கொண்டு, ஆண்களின் ரப்பர் சப்பாத்து ஒன்றைப் போட்டுக்கொண்டு, தான் நிற்கும் குழிக்குள் தலை மட்டும் தெரிய நின்றபடி கட்டளை இடுவார். யாழ்ப்பாணத்துக் குரல். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவர் மெதுவாகப் பேசத் தொடங்கினால் நாங்கள் எல்லோரும் எங்கள் பென்சிலைக் கூர் பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

குழி வெட்டுவதற்கு அவர் வைத்திருந்த முறையை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆள் இறங்கி நிற்கும் அளவு நீளம், மார்பளவு ஆழம். வெயில் நேரே விழும் சுவர்தான் வாசிக்கிற சுவர். அந்தச் சுவரின் மேல்விளிம்பில் யாரும் கால் வைக்கக்கூடாது, வெட்டிய மண்ணை அந்தப் பக்கம் கொட்டக்கூடாது. மண்வெட்டி பட்ட சுவரைப் பார்த்து ஒரு சொல்லும் எழுதக்கூடாது. ஈரக்களியில் மண்வெட்டி பட்டால் சாந்து பூசியதுபோல எல்லாவற்றையும் மூடிவிடும். கத்தி நுனியால் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டுப் பிட்டு எடுத்தால்தான் மண் தன் உண்மை முகத்தைக் காட்டும். பிறகு நிற அட்டையோடு நிறம் பார்க்க வேண்டும். சிறுபோத்தலில் இருக்கும் அமிலத்தில் ஒரு துளி விட்டு, நுரைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, ஒரு கடலையளவு எடுத்து முன்பற்களுக்கிடையில் வைத்துக் கடிக்க வேண்டும். நறநறத்தால் மணல். மாவாக இருந்தால் வண்டல். வெண்ணெய்போல வழுக்கிப் பல்லில் அப்பினால் களி.

"விரல் பொய் சொல்லும், பல்லு சொல்லாது" என்பார் மிஸ். சொல்லிவிட்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். துப்பவும் முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய கொப்பி. கொப்பியின் இடப்பக்கத்தில் கண்டதை எழுத வேண்டும். வலப்பக்கத்தில் கருதியதை எழுத வேண்டும். வெள்ளைக் கட்டி, நுரைத்தது என்பது கண்டது. அது சுண்ணாம்பு, கீழேயுள்ள பாறையிலிருந்து வந்தது என்பது கருதியது. கருதியதை இடப்பக்கத்தில் எழுதியவன் அன்று பின்னேரம் வரை அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. அதைவிட அடி வாங்கலாம் போலிருக்கும்.

முருங்கன் களியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மிகப் பழைய காலத்தில் அந்தத் தாழ்நிலத்தில் ஆழமில்லாத நீர் பரந்து நின்றது. மேட்டிலிருந்து வந்த மாவிலும் மெல்லிய களி அதில் மெல்ல மெல்ல அடைந்தது. நீர் கட்டம் கட்டமாக வற்றிப் பின்வாங்கியபோது களித்தட்டுகள் படிபடியாக மிஞ்சின. கண்ணுக்கு எல்லாம் சமதரையாகத்தான் தெரியும். மட்டம் வைத்துப் பார்த்தால்தான் படி தெரியும். கோடையில் அந்த மண் காய்ந்து சுருங்கிப் பிளக்கும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் என் கை முழங்கை வரை போகும் பிளவுகளைக் கண்டிருக்கிறேன். மேலே பொடிந்து கிடக்கும் மண்ணெல்லாம் அந்தப் பிளவுக்குள் விழும். மாரியில் மழை விழ, களி தண்ணீர் குடித்து ஊதிப் பருக்கும். பிளவுக்குள் ஏற்கெனவே மண் விழுந்து கிடப்பதால் ஊதியது போக இடம் இருக்காது; ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு மேலே கிளம்பும். மேல் கீழாகும், கீழ் மேலாகும். வருடா வருடம் தன்னைத் தானே உழுகிற மண் அது. எங்கள் மாவட்டத்தில் இப்படி ஒரு மண் இருப்பதில் எனக்கு எப்போதுமே பெருமை.

அந்த மண்ணின் குணம் தெரியாமல் அவமானப்பட்டவர்களும் உண்டு. ஒருமுறை கொழும்பிலிருந்து மூன்று பெரிய உத்தியோகத்தர்கள் ஜீப்பில் வந்தார்கள். ஒரு தூறல் விழுந்திருந்தது. "ஐயாமார், றோட்டில நிப்பாட்டிப்போட்டு நடந்து வாங்கோ" என்றேன். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் என்று சிரித்துவிட்டு இறக்கினார்கள். ஐம்பது யார் தூரம்கூடப் போகவில்லை. சக்கரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் களி அடைத்து, சக்கரம் சுழலாமல் ஜீப், வண்டில் மாடு படுப்பதுபோலப் படுத்துவிட்டது. உழவு இயந்திரம் கொண்டுவந்து இழுக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், அதுவும் படுக்கும், வெயில் வரட்டும் என்றேன். மூன்றாம் நாள்தான் வெயில் வந்தது. அதற்குள் அவர்களுக்கு முருங்கன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் கணக்கே திறந்துவிட்டார்கள்.

இனி அந்தக் களப்புக்கு வருகிறேன்.

அந்தப் பழைய நீர் எது என்பதில் மிஸ்ஸுக்கும் எனக்கும் முடிவில்லாத ஒரு வழக்கு இருந்தது. நன்னீர் ஏரி என்பது அவர் கட்சி. கடல் உள்ளே வந்து நின்ற களப்பு என்பது என் கட்சி. எனக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. தீவான் என்பதால் கடலுக்கு வக்காலத்து வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "ஒரு சிப்பி காட்டும், பிறகு களப்பு எண்டு சொல்லும்" என்பார் மிஸ். அவர் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போன பிறகும் நான் ஒவ்வொரு குழியிலும் அந்தச் சிப்பியைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, கட்டுக்கரைக் குளத்துக்கும் முருங்கனுக்கும் இடைப்பட்ட ஒரு காணித் துண்டில் விதைநெல் பண்ணை போடத் திட்டம் வந்தது. நீண்ட காலம் பற்றை மூடிக் கிடந்த இடம். இயந்திரம் விட்டுத் துப்புரவாக்கி மட்டப்படுத்தியிருந்தார்கள். மண்ணைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லி எனக்கு வந்தது. தைமாதம். மழை விட்டும் விடாத நேரம். என்னோடு குழி வெட்ட வந்தவர் ராமையா. மலையகத்திலிருந்து வந்து முருங்கனில் குடியேறியவர், என் வயதுக்காரர், மண்வெட்டி பிடித்தால் நிறுத்தத் தெரியாதவர். மூன்றடி வெட்டியதும் அவர் கையில் எதையோ வைத்து நீட்டினார்.

"ஐயா, கடலு சாமானு மாதிரி இருக்குங்க."

வெள்ளைச் சிப்பித் துண்டுகள். கூடவே இரண்டு சின்ன ஊரி, கடல் நத்தைக் கூடுகள். கருங்களிக்குள், மூன்றடிக்குக் கீழே. இருபது வருடமாகத் தேடிய சிப்பி. மழை தூறத் தொடங்கியது. சுவர் முழுக்க மண்வெட்டி பூசிய ஈரக்களி. கத்தியால் பிட்டுப் பார்க்க நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. கொப்பியின் இடப்பக்கத்தில், கண்டதை எழுத வேண்டிய பக்கத்தில், எழுதினேன்: களப்புச் சிப்பி. சிப்பி கண்டது, களப்பு கருதியது. இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதிவிட்டேன். அறிக்கையில் ஒரு வரி கூடுதலாகவும் சேர்த்தேன். இயற்கையாக அடைந்த பழைய களப்புப் படை, குடியிருப்பு இருந்த அடையாளம் எதுவும் இல்லை என்று.

அன்று பின்னேரமே மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்து வெற்றியை அறிவித்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சிப்பி படுத்துக் கிடந்ததோ, நிண்டு கிடந்ததோ?"

"படுத்துத்தான் மிஸ் இருக்கும். தண்ணிக்குள்ள அடைஞ்சதெல்லே."

"இருக்கும் எண்டு சொல்லுறீர். அது கண்டதோ, கருதினதோ?"

குரல் தாழ்ந்திருந்தது. தோற்றுப்போன ஆதங்கத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எண்ண இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சில மாதங்கள் நான் நிலத்தில் நடக்கவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்களை அழைத்துப்போய்க் குழியைக் காட்டினேன். பிராந்தியக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள், பேசினேன். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கையில் இப்படி ஒரு கண்டுபிடிப்பு யாருக்குக் கிடைக்கும்?

ஆவணியில் பிலோமினா வந்தார்.

கந்தோர் வாசலில் நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இந்தியாவில் முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு இளைய மகளோடு திரும்பியிருந்தார். கணவன் அங்கேயே இறந்துவிட்டார். இப்போது முருங்கனில் ஒரு சொந்தக்காரரின் நெல் கொட்டிலில் தாயும் மகளும் படுக்கிறார்கள். கையில் ஒரு கடிதம். காணி உத்தியோகத்தர் அனுப்பியது. நீங்கள் கோரும் இடத்தில் குடியிருப்பு இருந்ததற்கு அடையாளம் இல்லை என மண் அறிக்கை கூறுவதால் கோரிக்கையை ஏற்க இயலாது என்று அதில் இருந்தது.

"ஐயா, மண் அறிக்கை எழுதினவர் நீங்களோ?"

"ஓம்."

"அப்ப எனக்கு ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ. நான் அதில பன்னிரண்டு வருஷம் இருந்தனான். ரெண்டு பிள்ளை பெத்தனான். மண்ணுக்கு அது எப்பிடித் தெரியாமப் போனது?"

சண்டைக்கு வந்தவர் போலக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். கதிரை காட்டி இருக்கச் சொன்னேன். காணிக்குத் தந்த பேர்மிட் எங்கே என்றேன். வள்ளத்தில் போனபோது கடலில் நனைந்து கூழாகிப் போனது என்றார். அயலவர்கள்? ஒரு குடும்பம் கனடாவில், மற்றவர்கள் இல்லை. வீடு மண்சுவரும் கிடுகும். மழை கரைத்து, இயந்திரம் மிச்சத்தையும் வழித்துவிட்டது. அந்த இடம் கிடைக்காவிட்டால் எங்கேயோ ஒரு குடியேற்றப் பட்டியலில் பெயர் போடுவார்களாம். காணி இல்லாமல் வீட்டு உதவியும் இல்லை.

"தங்கச்சி, அங்க நான் குழி வெட்டிப் பாத்தனான். கீழ இருக்கிறது பழைய களப்பு. கடல் சிப்பி இருக்கு" என்று என் பெருமையை அவருக்கும் எடுத்துச் சொன்னேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு கதிரையின் விளிம்புக்கு வந்தார்.

"சிப்பியோ? வெள்ளை மணலும் இருந்ததோ?"

"கொஞ்சம் இருந்தது."

"அது என்ர அப்பு கொண்டுவந்து பறிச்ச மண் ஐயா!"

அவர் பிறந்தது மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயில். தகப்பன் கரைவலைக்காரர். மகள் களிமண் நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் முதல் மாரியில் முழங்கால் சேற்றோடு நிற்பதைப் பார்க்க வந்த மனுசன் அழுதுவிட்டாராம். "என்ர பிள்ளை மணல்ல நடந்த பிள்ளை" என்று சொல்லி, போய், மூன்று உழவு இயந்திரப் பெட்டி கடற்கரை மணலைப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளேயும் முற்றத்திலேயும் கொட்டிப் பறித்தாராம். ஊரெல்லாம் பகிடி பண்ணியது. கடலைச் சீதனமாகக் கொடுத்தவர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மன்னார்த் தீவில் பிறந்தவன் நான். கடற்கரை மணலில் உருண்டு வளர்ந்தவன். என் ஊர் மணலை என் கையில் வைத்துக்கொண்டு ஆயிரமாயிரம் வருடப் பழமை பேசியிருக்கிறேன். ஆனாலும் அவர் சொல்லிவிட்டார் என்பதற்காக நான் மாற்றி எழுதினால் அதுவும் கருதியதுதான். மண் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் காணிக்குப் போனோம். கொடுங்கோடை, நிலம் முழுக்கப் பிளந்து கிடந்தது. குழி வெட்ட முன்னம் பிலோமினாவிடம் எட்டுப் பனம்மட்டைக் குச்சிகளைக் கொடுத்து, வீடு இருந்த இடத்தைச் சுற்றி ஊன்றச் சொன்னேன். ஓரத்தில் நின்ற பாலை மரத்திலிருந்து அடி வைத்து எண்ணிக்கொண்டு போனார். ஓரிடத்தில் நின்று, திரும்பி, மறுபடி எண்ணி ஊன்றினார். குழி வெட்டிக் கழுவி முடியும்வரை நான் அவரோடு பேசவில்லை. குச்சிக்கு உள்ளே மூன்று குழி, வெளியே மூன்று குழி. என் பழைய குழி உள்ளேதான் அகப்பட்டிருந்தது.

மிஸ் சொன்ன முறையில் ஒன்றும் விடாமல் செய்தேன். கத்தி நுனியால் பிட்டேன். உள்ளே வெட்டிய முதல் குழியிலேயே சுவர் பேசிவிட்டது. சிப்பியும் மணலும் படுக்கையாக இல்லை. நின்றன. மேலே அகலமாகவும் கீழே கூராகவும், கருங்களிக்குள் வெள்ளை ஆப்பு அடித்ததுபோல. கோடைக்குக் கோடை பிளவு வழியாக வீட்டுத்தரை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருக்கிறது. தண்ணீரில் அடைந்த படை என்றால் பாய் விரித்ததுபோலப் படுத்திருக்க வேண்டும். சிப்பித் துண்டின் இளஞ்சிவப்புக்கூடப் போகவில்லை, மினுங்கியது. அந்தப் பழமை உண்மையாக இருந்தால் அது சுண்ணாம்புப் பொடியாகியிருக்கும். இதெல்லாம் தையிலும் என் கண் முன்னால்தான் இருந்தது.

ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரே அளவு மண் எடுத்து வாளியில் ஊறவிட்டுக் கலக்கிக் களித்தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினோம். மிஞ்சியதை, ராமையா வீட்டிலிருந்து கொண்டுவந்த, தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் ஆறு பீரிசில் காயவைத்தோம். உள்ளே வெட்டிய மூன்றிலும் வெள்ளை மணல். வெளியே வெட்டியதில் இரண்டில் கறுத்த இரும்புக் குருணியைத் தவிர ஒன்றுமில்லை. மூன்றாவதில், குச்சிக்கு வெளியே இருந்த அந்தப் பீரிசில், வெள்ளை மணல் இருந்தது. இந்த ஒன்று எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பீரிசை மறைத்து வைத்துவிட்டுப் பிலோமினாவிடம் கேட்டேன்.

"வாசல் எந்தப் பக்கம் இருந்தது?"

"கிழக்கை. முத்தத்துக்கும் பறிச்சவர் எண்டு சொன்னனானெல்லே. பிள்ளையள் விளையாடுறது அதிலதான்."

மூன்றாவது குழி கிழக்குப் பக்கம். ராமையா என்னைப் பார்த்து, "போதுங்களா ஐயா?" என்றார். போதும் என்றேன். ஆனால் பிலோமினாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கோரிக்கையை மறுபடி பார்க்கக் காணிக் கந்தோரில் வைத்திருந்த விசாரணைக்கு முன் சொல்வது முறையல்ல. அவர் அந்த ஆறு பீரிசையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

கடதாசியில் எழுதினால் காணி உத்தியோகத்தர் இரண்டு கடதாசியையும் பக்கத்தில் வைத்து என்னைப் பார்ப்பார் என்று தெரியும். ஆகவே சுவரையே கொண்டுபோக முடிவு செய்தேன். மூன்றரை அடி நீளப் பலகைப் பெட்டி, ஒரு பக்கம் திறந்தது. குழிச் சுவரில் அந்தப் பெட்டியின் அளவுக்கு ஒரு தூண் விட்டு இரு பக்கமும் செதுக்கி, பெட்டியை அதன்மேல் பொருத்தி, பின்னால் மெல்ல மெல்ல அறுத்து, அறுத்த பக்கத்தில் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சாய்க்க வேண்டும். காய்ந்த களி ஓர் உதறலில் உதிர்ந்துவிடும். முதல் பெட்டி உதிர்ந்தது. இரண்டாவதை எடுக்க ஒரு முழுப் பகல். ராமையா தன் மகளின் முதல் பிள்ளையைத் தூக்கியதுபோலத் தூக்கினார்.

விசாரணை நாளில் அந்தப் பெட்டியை இருவருமாகக் காணிக் கந்தோருக்குள் சுமந்துகொண்டு போனபோது வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். சவப்பெட்டி என்று நினைத்திருப்பார்கள். உத்தியோகத்தரின் மேசையில் கோப்புகளை ஒதுக்கிவிட்டு வைத்தோம். நல்ல மனிதர், இளம் வயது, சட்டத்துக்குப் பயந்தவர்.

"ஐயா, இது களப்பு, ஆக்கள் இருந்த இடமில்லை எண்டு நீங்கள்தானே எழுதினது?"

"ஓம், நான்தான்."

"இப்ப வீடு எண்டுறியள். நாளைக்கு ஆரும் கேட்டா, அந்த மனுசியைப் பாத்துப் பாவப்பட்டு மாத்தினது எண்டு சொல்ல மாட்டினமோ? உங்களுக்குப் பென்சன் கிட்டத்தில. முதல் அறிக்கையை வைச்சுக் கூட்டத்தில எல்லாம் பேசினனீங்கள்."

"பேசினனான். அந்தக் கூட்டக்காரருக்கும் எழுதிப் போட்டன், பிழை எண்டு. பாவப்பட்டு ஒண்டும் எழுதேல்லை. இதைப் பாருங்கோ."

வெள்ளை ஆப்பைக் காட்டினேன். படுத்தது, நின்றது என்பதைச் சொன்னேன். ஆறு குழியின் வரைபடத்தை விரித்து, குச்சி எங்கே, மணல் எங்கே என்று காட்டினேன். குச்சி ஊன்றிய பிறகுதான் குழி வெட்டியது என்பதற்கு ராமையா சாட்சி சொன்னார். உத்தியோகத்தர் பேனை நுனியால் ஆப்பை மெல்லக் குத்தினார். கொஞ்ச மணல் அவர் கோப்பின் மேல் உதிர்ந்தது. அதற்குள் ஒரு ஊரி. அதைக் கையில் எடுத்து, காதுக்குப் பக்கம் கொண்டுபோய், வெட்கப்பட்டுக் கீழே வைத்தார்.

"அப்ப ஐயா, உங்கட களப்பு?"

இருபது வருடம் தேடிய சிப்பி. என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் ஒரு வாக்கியம் பேசியதில்லை.

"களப்பு இல்லை. இது இவவின்ர வீடு. நான் எழுதினது பிழை."

அவர் முதல் அறிக்கையை எடுத்து என்னிடம் நீட்டினார். பிழை என்று குறுக்கே எழுதி ஒப்பம் வைத்தேன். என் பெயரை அன்றைக்கு வைத்ததுபோல ஆறுதலாக, எழுத்தெழுத்தாக ஒருபோதும் வைத்ததில்லை. பண்ணைத் திட்டத்திலிருந்து அந்தத் துண்டைக் கழிப்பதாகவும் பேர்மிட்டுக்குப் பரிந்துரைப்பதாகவும் அவர் கோப்பில் எழுதினார். எழுதி முடித்து, "சரி அம்மா, காணி உங்களுக்குத்தான். வேற ஏதும் சொல்ல இருக்கோ?" என்றார்.

பிலோமினா அதுவரை சுவரோரம் நின்றார். அழுவார் என்று நினைத்தேன். ராமையா தன் சால்வையைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

"ஐயா, வேலி எப்ப போடலாம்?"

உத்தியோகத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா அவசரம்? பேர்மிட் கைக்கு வரட்டுமே."

"அவசரம்தான் ஐயா. வேலிக்குக் கிளுவங் கதியால் வெட்டி வைச்சு நாலு நாளாச்சு. பீரிசில மணலைக் கண்ட அண்டைக்கே வெட்டிப்போட்டன். இன்னும் வைச்சிருந்தாக் காஞ்சு போம், பிறகு ஊண்டினாலும் தளிராது."

உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். "ஊண்டுங்கோ" என்றார் அவர்.

அந்தக் கோடைக் களி மண்வெட்டிக்கு மசியாது. கதியால் குழி எல்லாம் இரும்பு அலவாங்கால்தான் போட வேண்டும். அடுத்த நாள் காலை கிழக்கு மூலையில் முதல் குழியை நான் போட்டேன். எட்டிப் பார்க்கவில்லை, கடித்துப் பார்க்கவில்லை, ஒன்றும் எழுதவில்லை. பிலோமினா கதியாலை இறக்கினார், மகள் தண்ணீர் ஊற்றினாள், நான் காலால் மிதித்து இறுக்கினேன்.